‘டெலிவர்டு’ என்று காட்டுகிறது, பார்சல் போய்ச் சேரவில்லை: தர்மபுரி, கிருஷ்ணகிரி விற்பனையாளர்கள் என்ன செய்கிறீர்கள்?

#1 பாலக்கோடு புளி

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் இருந்து கொட்டை எடுத்த புளி, கேழ்வரகு மாவு, சாமை அரிசி விற்கிறேன். ஆர்டர் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும். பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்புவேன்.

கோவையில் ஓர் அம்மாவுக்கு 5 கிலோ புளி அனுப்பினேன். டிராக்கிங்கில் இரவு 11.52க்கு ‘டெலிவர்டு’ என்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு யாருமே வரவில்லை என்கிறார் அவர். அந்த நேரத்தில் யார் பார்சல் கொண்டுவந்து கதவைத் தட்டுவார்கள்? கூரியர் சேவை எண்ணைக் கூப்பிட்டால், “சிஸ்டத்தில் டெலிவர்டு என்று இருக்கிறது, புகாரை மூடிவிட்டோம்” என்கிறார்கள்.

இன்னொரு பார்சல் ஓசூருக்குப் போக வேண்டியது. நம் பக்கத்து ஊர். அது பெங்களூருக்குப் போய், அங்கேயே ‘இன் டிரான்சிட்’ (வழியில் இருக்கிறது) என்று நிற்கிறது.

கோவை அம்மா பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். பலமுறை வாங்கியவர், பொய் சொல்கிறவர் இல்லை. நான் யாரிடம் என்ன கேட்க வேண்டும்? இந்த நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும்?

#2 பர்கூர் ஜவுளி

அக்கா, போனில் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். போனில் சொன்னதற்கு நம் கையில் ஒன்றும் நிற்காது. இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். டெலிவரி ஆதாரம் கேளுங்கள், அதாவது கையெழுத்தோ போட்டோவோ ஓடிபி விவரமோ. டெலிவர்டு என்று தட்டிய இடத்தின் மேப் புள்ளியையும், ஒவ்வொரு ஹப்பிலும், அதாவது பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையத்திலும், பதிவான எடையையும் கேளுங்கள்.

“சிஸ்டத்தில் இருக்கிறது” என்பது பதிலே இல்லை. சிஸ்டத்தில் இருப்பது தவறு என்பதுதானே நம் புகார்.

தாமதம் செய்யாதீர்கள். டெலிவர்டு என்று காட்டிய பிறகு எத்தனை நாளுக்குள் புகார் தர வேண்டும் என்று ஒவ்வொரு கூரியரும் ஒப்பந்தத்தில் ஒரு கெடு வைத்திருக்கும். பெரும்பாலும் அது மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

#3 ஓசூர் சிப்காட்

நான் சில வருடங்கள் ஒரு கூரியர் ஹப்பில் வேலை பார்த்தவன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

முதலில் அந்த 11.52. டெலிவரி செய்பவரின் போன் செயலி, சிக்னல் இல்லாத இடத்தில் பதிவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சிக்னல் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பும். சில இடங்களில் திரையில் நாம் பார்ப்பது சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம், பார்சல் கை மாறிய நேரம் அல்ல. இன்னொரு வாய்ப்பும் உண்டு. அன்றைய கணக்கை முடிக்க வேண்டும் என்பதற்காக, மிச்சம் இருக்கும் பார்சல்களை மொத்தமாக டெலிவர்டு என்று தட்டிவிடுவார்கள். இது தவறு, ஆனால் நடக்கிறது. முதல் வகை என்றால் பார்சல் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. இரண்டாவது வகை என்றால் கிளை அலுவலகத்தில் மூலையில் கிடக்கிறது. இரண்டிலும் பொருள் கிடைக்க வழி இருக்கிறது. நேரத்தை மட்டும் பார்த்துத் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது, டிராக்கிங்கில் வரும் ஒவ்வொரு வரியும் உங்கள் பார்சலை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துப் பதிந்தது இல்லை. ஒரே ஊருக்குப் போகிற பார்சல்களை ஒரு மூட்டையில் போட்டுக் கட்டி, மூட்டைக்குத் தனியாக ஒரு பார்கோடு ஒட்டுவார்கள். வழியில் இருக்கும் ஹப்களில் ஸ்கேன் ஆவது அந்த மூட்டைதான். மூட்டையை ஸ்கேன் செய்தால், அதற்குள் இருப்பதாகக் கணக்கில் ஏறிய எல்லாப் பார்சலுக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று விழும். கணக்கில் ஒரு மூட்டை, கை தவறிப் போட்டது வேறு மூட்டை என்றால், டிராக்கிங் சேலம் என்று சொல்லும், பார்சல் விஜயவாடாவில் இருக்கும். மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும்போதுதான் ஒன்று குறைவது தெரியவரும்.

அதனால் “பார்சல் எங்கே” என்று கேட்காதீர்கள். “இந்தப் பார்சலைக் கடைசியாகத் தனியாக ஸ்கேன் செய்தது எந்த இடம், எந்தத் தேதி, என்ன நேரம்?” என்று கேளுங்கள். சேவை எண்ணில் பேசுபவருக்கு இது தெரியாது. அவர் பார்ப்பதும் நீங்கள் பார்க்கும் அதே திரைதான். ஹப்புக்கு எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

எடையை விடாதீர்கள். பெரிய ஹப்களில் பார்சல் கன்வேயரில் ஓடும்போதே எடையும் நீள அகலமும் பதிவாகிவிடும். கூடுதல் எடைக்குப் பணம் பிடிக்க வேண்டும் என்பதற்காக வைத்தது அது. ஆனால் நமக்கும் அதுதான் சாட்சி. கோவை ஹப் வரை 5 கிலோ சொச்சம் என்று பதிவாகியிருந்தால், பெட்டி அதுவரை முழுசாகப் போயிருக்கிறது என்று பொருள்.

ஓசூர் பார்சலின் லேபிளில் முகவரி எப்படி இருந்தது?

#4 பாலக்கோடு புளி

‘பெங்களூர் ரோடு, ஓசூர்’ என்று இருந்தது அண்ணா. பின்கோடு 635109 சரியாகத்தான் இருக்கிறது, இப்போதும் பார்த்துவிட்டேன்.

#5 ஓசூர் சிப்காட்

அப்படியானால் கையால் பிரித்தவர் ‘பெங்களூர்’ என்ற சொல்லைப் பார்த்து அந்தப் பக்கம் தள்ளியிருப்பார். நேர் எதிராகவும் நடக்கும். பெங்களூரில் ‘ஓசூர் ரோடு’ என்று பெரிய சாலை இருப்பதால், அங்கே போக வேண்டியவை எங்களிடம் வந்து இறங்கும். பார்கோடு மடிப்பில் ஒட்டியிருந்தாலோ, மேலே பளபளப்பான டேப் ஓடியிருந்தாலோ இயந்திரம் படிக்காது. அப்போது ஆள் கண்ணால் பார்த்துத்தான் பிரிப்பார். பின்கோட்டைப் பெட்டியின் இரண்டு பக்கத்திலாவது மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள்.

#6 அதியமான்கோட்டை

பெயர்க் குழப்பம் நம் இரண்டு மாவட்டத்துக்கும் பெரிய தலைவலி. தெலங்கானாவில் ஜகித்யால் மாவட்டத்தில் கோதாவரிக் கரையில் ஒரு தர்மபுரி இருக்கிறது. வயநாட்டில் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது. போதாததற்கு 2004 வரை கிருஷ்ணகிரியே தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, பழைய முகவரியை இன்னும் அப்படியே எழுதுகிறவர்கள் உண்டு. காரிமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி மாவட்டம், ஆனால் பின்கோடு 635111. முன்னால் இருக்கும் 635ஐ மட்டும் பார்த்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று போட்டுவிடுகிறார்கள்.

பின்கோட்டின் முதல் மூன்று எண்கள் எந்தத் தபால் பிரிப்பு மாவட்டம் என்பதைச் சொல்பவை, கடைசி மூன்று எந்த அலுவலகம் என்பதை. வருவாய் மாவட்ட எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வாடிக்கையாளரிடம் மாவட்டம், மாநிலம், பின்கோடு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

#7 பென்னாகரம் பைக்

நான் டெலிவரி வேலை செய்பவன். படித்துக்கொண்டே வந்தேன், எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

எங்களில் பலருக்குச் சம்பளம் இல்லை, ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு. கொடுக்க முடியாமல் திரும்பினால் பெட்ரோல் நம் கைக்காசு. ஒகேனக்கல் பக்கம் காட்டுப் பாதையில் சிக்னல் இருக்காது. முகவரியில் ‘மாரியம்மன் கோவில் பின்புறம்’ என்று மட்டும் இருக்கும், ஒரு பஞ்சாயத்தில் எத்தனை மாரியம்மன் கோவில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். பல செயலிகளில் எங்களுக்கு வாடிக்கையாளரின் உண்மையான எண் தெரியாது, செயலி வழியாகத்தான் கூப்பிட முடியும். புது எண்ணாகத் தெரிவதால் விளம்பரம் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள்.

போகாமலேயே ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று போடுவது நடக்கிறதா என்றால், நடக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் கையில் இருபது பார்சல் இருந்து, எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு காரணம் தட்டியே ஆக வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னால் வேறு என்ன செய்வார்கள்? தட்டாவிட்டால் தாமதக் கணக்கு எங்கள் பெயரில் ஏறும்.

அனுப்புகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். வாடிக்கையாளருக்கு முந்தின நாளே “நாளைக்கு வரும், புது எண்ணில் அழைப்பு வந்தால் எடுங்கள்” என்று ஒரு செய்தி போடுங்கள். அதற்கே பாதிப் பார்சல் திரும்பாது.

#8 பர்கூர் ஜவுளி

தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் தட்டுகிற அந்த ஒரு பொய்க் காரணத்தால் எங்களுக்கு என்ன ஆகிறது தெரியுமா? சி.ஓ.டி. ஆர்டர், அதாவது பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் ஆர்டர், திரும்பி வந்தால் போன செலவு, வந்த செலவு இரண்டும் எங்களிடம் பிடிக்கிறார்கள். 400 ரூபாய் சேலையில் அது லாபத்தைத் தாண்டிவிடும். வாடிக்கையாளரோ நாள் முழுக்க வீட்டில் காத்திருந்துவிட்டு, நான் ஏமாற்றினேன் என்று விமர்சனம் எழுதுகிறார்.

இதைக் கேட்க வேண்டியது உங்களிடம் அல்ல, அப்படித் தட்டச் சொல்கிற நிர்வாகத்திடம். அந்த அளவில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பொய்ப் பதிவுக்குச் சமாதானம் சொல்லாதீர்கள்.

#9 பென்னாகரம் பைக்

சமாதானம் சொல்லவில்லை அண்ணா. ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் எங்கே பிடிப்பது என்றும் தெரியாது. பல செயலிகளில் ‘இல்லை’ என்று தட்டும்போது எங்கள் இருப்பிடமும், அழைத்தோமா என்ற விவரமும் பதிவாகிறது. அதைக் கேளுங்கள். அழைப்பே போகாமல் ‘போன் எடுக்கவில்லை’ என்று இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.

#10 காவேரிப்பட்டணம் மாங்காய்

சேலையும் புளியும் தாமதமானாலும் கெடாது. நான் சீசனில் மாம்பழம் அனுப்புகிறேன். ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று போட்டு இரண்டு நாள் வைத்திருந்தால் அதோடு பெட்டி முடிந்தது. திரும்பி வந்த பெட்டியைத் திறந்தால் சாறு ஒழுகி, வாசனை தெருவுக்கே தெரியும். கெட்டுப்போகும் பொருளுக்கு இழப்பீடு இல்லை என்று பல கூரியர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதனால் பழத்துக்கு சி.ஓ.டி.யை அடியோடு நிறுத்திவிட்டேன். வியாழனுக்குப் பிறகு எந்தப் பெட்டியையும் விடுவதில்லை, ஞாயிறு வழியில் மாட்டிக்கொள்ளும். சேலம், ஈரோடு, கோவை என்றால் பஸ் பார்சல்தான். வாடிக்கையாளரே பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் அன்றைக்கே கையில் கிடைக்கிறது. பழத்தைக் காயாகப் பறித்து அனுப்பு, வழியில் பழுக்கும் என்று யோசனை சொல்கிறவர்களுக்கு: ஒரு நாள், இரண்டு நாள் கணக்குக்கு அது சரி. கணக்கே இல்லாமல் நிற்கிற ஹப்புக்கு எந்தப் பக்குவமும் தாங்காது.

#11 அரூர் சாமை

எடைத் தகராறு பற்றி யாரும் சொல்லவில்லையே. சாமைப் பொரி மாதிரி லேசான பொருள் அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். பெட்டி 30 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 20 உயரம் என்று வையுங்கள். பெருக்கினால் 15,000. பல கூரியர்கள் இதை 5,000ஆல் வகுக்கிறார்கள், 3 கிலோ வருகிறது. உள்ளே 800 கிராம்தான் இருந்தாலும் 3 கிலோவுக்குத்தான் கட்டணம். அது அவர்கள் விதி, சரி. ஆனால் பெட்டி வழியில் அமுங்கி உப்பி, இயந்திரம் அதை இன்னும் பெரிதாக அளந்து கூடுதல் பணம் பிடிக்கிறது. டேப் அளவை பெட்டிமேல் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் படம், தராசில் வைத்து ஒரு படம், லேபிள் தெரிய ஒரு படம் எடுத்து வைக்கிறேன். அவற்றைக் கொண்டுதான் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்குகிறேன்.

#12 பாலக்கோடு புளி

எல்லோருக்கும் நன்றி. மின்னஞ்சல் போட்டுவிட்டேன். இதற்கிடையில் கோவை அம்மாவுக்கு என்ன சொல்வது? கூரியர் பதில் சொல்லும் வரை காத்திருக்கச் சொல்லலாமா? என் தம்பி சொல்கிறான், கூரியரிடம் கொடுத்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிட்டது என்று சட்டமே இருக்கிறதாம்.

#13 அதியமான்கோட்டை

உங்கள் தம்பி சொல்வது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. விற்பவர் பொருளை அனுப்பிவைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில், கொண்டுபோகிறவரிடம் ஒப்படைப்பதை, முதற்பார்வையில், வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே கருதலாம் என்று அது சொல்கிறது. வியாபாரி வியாபாரிக்கு லாரியில் சரக்கு ஏற்றும் காலத்துக்கு எழுதியது. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு இதை அந்த அம்மாவிடம் காட்ட முடியாது. அவர் நுகர்வோர், அவருக்குக் கூரியரைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான். முதலில் அவருக்குப் பொருளோ பணமோ கொடுங்கள். கூரியரோடு சண்டை உங்களுடையது.

அந்தச் சண்டையில் உங்களுக்கும் பலம் இருக்கிறது. வியாபாரத்துக்காகச் சேவை வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று கூரியர்காரர்கள் சொல்வார்கள். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள். சுயதொழில் மூலம் வயிற்றுப்பாட்டுக்குச் சம்பாதிப்பதற்காக மட்டும் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. வீட்டிலிருந்து தானே புளி கட்டி அனுப்புகிறவர் இதற்குள் வருவார். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு சட்டம், பலருக்குத் தெரியாதது: 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். கூரியர் நிறுவனங்களும் அதில் வருகின்றன. பொருள் தொலைந்ததற்கோ சேதத்துக்கோ அதன்கீழ் வழக்குப் போட வேண்டுமானால், பார்சலைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். “விசாரித்துக்கொண்டிருக்கிறோம்” என்று இழுத்தே இந்தக் கெடுவைத் தாண்டவைத்துவிடுவார்கள், ஜாக்கிரதை. பொருளின் மதிப்பை அதிகமாக அறிவித்து அதற்கான கட்டணம் கட்டவில்லை என்றால், பொறுப்பு பொதுவாகக் கட்டிய கூலியின் பத்து மடங்குதான். விலை உயர்ந்ததை அனுப்பும்போது மதிப்பை எழுதிப் பணம் கட்டுங்கள்.

#14 காவேரிப்பட்டணம் மாங்காய்

முதலில் பணத்தைக் கொடு என்பதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். பழகிய வாடிக்கையாளர் என்றால் சரி. முதல்முறை வாங்கி, வந்த பொருளை வரவில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். டெலிவரி ஆதாரம் கைக்கு வரும் வரை சில நாள் பொறுக்கச் சொல்வதில் தவறில்லை. எந்த நாளில் பதில் சொல்வேன் என்பதைத் தேதி போட்டுச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

#15 பர்கூர் ஜவுளி

அப்படி ஏமாற்றுகிறவர்களை ரிட்டர்னில்தான் நான் அதிகம் பார்க்கிறேன். புதுச் சேலை போகும், பழந்துணி திரும்பி வரும். பார்சலைப் பிரித்துவிட்டுப் புகார் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பி வந்த பார்சலை எடுத்ததும் வெட்டாமல் வீடியோ ஓடவிடுங்கள். ஆறு பக்கமும் காட்டி, லேபிள் எண்ணை நிதானமாகக் காட்டி, தராசில் வைத்து, பிறகு கேமராவை நிறுத்தாமல் பிரியுங்கள். நடுவில் ஒரு வெட்டு இருந்தாலும் கோரிக்கையைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பி அங்கிருந்து எடுத்துக்கொடுக்காதீர்கள், தேதி விவரம் போய்விடும். போனில் எடுத்த மூலக்கோப்பு அப்படியே இருக்க வேண்டும்.

#16 பாலக்கோடு புளி

கோவை விஷயம் முடிந்தது. டெலிவரி போட்டோ அனுப்பினார்கள். பச்சை நிறக் கேட் முன்னால் என் பெட்டி, ஒட்டிய டேப்கூட அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அவர் வீட்டுக் கேட் அது இல்லை. ஆனால் அதே பெயரில் இன்னொரு நகர் பக்கத்து வார்டில் இருக்கிறதாம், அங்கேயும் அதே தெரு எண், அதே கதவு எண். அவருடைய மகன் போய்க் கேட்டு வாங்கி வந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் யாருடையது என்று தெரியாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். பணம் திருப்ப வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். அலைந்ததற்காக அடுத்த ஆர்டரில் அரை கிலோ சேர்த்து வைக்கிறேன்.

ஓசூர் பார்சல் இன்னும் நகரவில்லை. கடைசித் தனி ஸ்கேன் பெங்களூர் ஹப் என்று மட்டும் பதில் வந்தது. வாடிக்கையாளருக்கு வேறு பெட்டியை ஆள் மூலம் கொடுத்துவிட்டேன். கூரியருக்கு நோட்டீஸ் எழுத வேண்டும்.

#17 அரூர் சாமை

ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் இந்தத் தொல்லை இருக்காதா? எங்கள் பக்கம் மலைக் கிராமங்களுக்குத் தபால்காரர்தான் சரியாகப் போகிறார்.

#18 ஓசூர் சிப்காட்

குக்கிராமங்களுக்கு அதுதான் சரி, அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தபால்காரருக்குத் தெரியும். 2025இல் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அதன் டிராக்கிங் எண் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் இந்தியாவுக்கான இரண்டு எழுத்து என்று வருமே, அதில் ஒன்பதாவது எண் சரிபார்ப்பு எண். முன்னால் உள்ள எட்டைக் கொண்டு கணக்கிட்டு வருவது. அதனால் ஓர் எண்ணைத் தவறாக அடித்தாலும் பெரும்பாலும் ‘செல்லாத எண்’ என்றே வரும், வேறொருவர் பார்சல் வராது. ஆனால் தொலைந்தால் கிடைப்பது குறைவு. கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. மதிப்புள்ள பொருள் என்றால் தனியாக இன்ஷூரன்ஸ் போடுங்கள்.

#19 பாலக்கோடு புளி

ஒரு கேள்வி மட்டும். கூரியர் ஒப்பந்தத்தில் ‘எந்த வழக்கும் டெல்லி நீதிமன்றத்தில் மட்டுமே’ என்று இருக்கிறது. பாலக்கோட்டில் இருந்து டெல்லிக்கா போவது? நோட்டீஸ் அனுப்பியும் பயன் இருக்குமா?

#20 அதியமான்கோட்டை

டெல்லிக்குப் போக வேண்டாம். நுகர்வோர் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

நோட்டீஸில் கதை எழுத வேண்டாம். பார்சல் எண், பதிவு செய்த தேதி, பொருளின் மதிப்பு, கடைசித் தனி ஸ்கேன் என்று அவர்களே ஒப்புக்கொண்ட வரி, நீங்கள் கேட்கும் தொகை, பதில் தர வேண்டிய நாள். இதைக் கூரியர் நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்டிலும், குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வரைவை இங்கேயே போட்டால் பார்த்துத் திருத்தித் தருகிறேன். உங்கள் பெயரையும் வாடிக்கையாளர் எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.